'சரியாக ஒருமுறை': யாரிடமிருந்து யாருக்கு?

எம்க்யூடிடி 3.1.1-இன் விவரக்குறிப்பு ஆவணத்தை இந்த மாதம் மூன்றாவது முறையாக முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். இனி 'ஸ்பெக்' என்றே சொல்கிறேன், வேலை செய்யும் இடத்தில் யாரும் வேறு மாதிரி சொல்வதில்லை. முதல் முறை படித்தது வேலைக்காக, அவசரமாக. இரண்டாவது முறை பால் திரிந்துபோன பிறகு, கோபமாக. இந்த முறை ஒரு கட்டுரையைப் படிக்கிற மாதிரி படித்தேன். எந்தச் சொல்லை முன்னால் வைத்திருக்கிறார்கள், எதை உள்ளே நாலாவது அத்தியாயத்தில் வைத்திருக்கிறார்கள், எதை ஒரு ஓரக் குறிப்பாக மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறார்கள் என்று பார்த்தேன்.

பால் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொங்குப் பக்கம் ஒரு சின்ன பால் சேகரிப்பு மையம். சாயங்காலப் பாலை ராத்திரி முழுக்க பல்க் கூலரில் 4 டிகிரியில் வைத்திருப்பார்கள். காலையில் டேங்கர் வந்து எடுத்துப்போகும். ராத்திரியில் கம்ப்ரெசர் நின்று சூடு ஏறினால் பொறுப்பாளருடைய போனுக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது நான்தான். தொட்டியில் ஒரு சென்சார், பக்கத்தில் ஒரு சின்னக் கருவி. கருவி 'எச்சரிக்கை' என்ற டாபிக்கில் செய்தியை பப்ளிஷ் செய்யும். வாடகை சர்வரில் ஒரு எம்க்யூடிடி புரோக்கர். அதே சர்வரில் எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராம் ஒன்று அந்த டாபிக்கை சப்ஸ்கிரைப் செய்து காத்திருக்கும். விஷயம் முக்கியமானதாச்சே என்று, இருப்பதிலேயே உயர்ந்த க்யூஓஎஸ் 2-ஐப் போட்டேன். 'சரியாக ஒருமுறை சேரும்' என்று ஸ்பெக்கே சொல்கிறது, அப்புறம் என்ன.

அந்த ராத்திரி சர்வர் ஏதோ அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆனது. புரோக்கர் தானாக எழுந்துகொண்டது. எஸ்எம்எஸ் புரோகிராம் எழவில்லை. தானாகத் தொடங்கும் பட்டியலில் அதைச் சேர்க்க நான் மறந்திருந்தேன். விடியற்காலையில் கம்ப்ரெசர் நின்றது. கருவி செய்தி அனுப்பியது. புரோக்கர் வாங்கிக்கொண்டது. க்யூஓஎஸ் 2-இன் நாலு கட்டமும் ஒழுங்காக முடிந்தது. கருவியின் லாகில் நானே எழுதி வைத்திருந்த 'டெலிவர்டு' என்ற சொல் பதிவானது. காலையில் மாதிரி எடுத்துக் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள், திரிந்தது. 1,400 லிட்டர்.

"தம்பி, உங்க மெஷின் சேதி அனுப்புச்சுங்களா, இல்லீங்களா?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"அனுப்புச்சுங்கண்ணா. போய்ச் சேர்ந்துச்சுன்னும் லாக்ல இருக்குங்க."

"யாருக்குங்க போய்ச் சேர்ந்துச்சு?"

ஸ்பெக்கிடம் கேட்க எனக்கு இருப்பதும் அந்த ஒரே கேள்விதான்.

எம்க்யூடிடி பிறந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பேசுவதுதான் நியாயம். 1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லென் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிக்க இதை உருவாக்கினார்கள். அந்த இணைப்பில் ஒவ்வொரு பைட்டுக்கும் காசு. இணைப்பு அடிக்கடி அறுந்து மறுபடி வரும். அதனால் தலைப்பகுதி இரண்டே பைட்டில் தொடங்கும், அறுந்த இணைப்பு திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். அந்தச் சூழலுக்கு இது மிக நல்ல வடிவமைப்பு. 2014-இல் 3.1.1 ஓயாசிஸ் அமைப்பின் தரமானது, 2019-இல் 5-ஆம் பதிப்பு வந்தது. என் குறை வடிவமைப்பின் மேல் இல்லை, அதற்கு வைத்த பெயர்களின் மேல்.

மூன்று பெயர்கள். க்யூஓஎஸ் 0 என்றால் 'அதிகபட்சம் ஒருமுறை': அனுப்பிவிட்டு மறந்துவிடுவது. 1 என்றால் 'குறைந்தது ஒருமுறை': ஒப்புகை வரும்வரை செய்தியைக் கையில் வைத்திருப்பது, இணைப்பு அறுந்து வந்தால் மறுபடி அனுப்புவது, இரட்டிப்பாகலாம். 2 என்றால் 'சரியாக ஒருமுறை'. ஆவணத்தின் தொடக்கத்திலேயே இவற்றில் இரண்டுக்கு உதாரணம் கொடுக்கிறார்கள். முதலாவதற்கு, சுற்றுப்புற சென்சார் அளவுகள்: ஒன்று தொலைந்தாலும் அடுத்தது சீக்கிரமே வந்துவிடும். மூன்றாவதற்கு, பில்லிங். செய்தி தொலைந்தாலோ இரட்டிப்பானாலோ கட்டணம் தப்பாகிவிடும் இடங்களுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்கிறது ஸ்பெக். இந்த பில்லிங் உதாரணத்தில்தான் எனக்கு உண்மையான சண்டை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உள்ளே போனால் நாலாவது அத்தியாயத்தில், க்யூஓஎஸ் எப்படி இயங்குகிறது என்று விளக்கும் இடத்தில், ஒரு வாக்கியம் இருக்கிறது. இந்த விநியோக நெறிமுறை ஒரு அனுப்புநரிலிருந்து ஒரு பெறுநருக்குச் செய்தி போவதை மட்டுமே கவனிக்கிறது என்று. படித்தால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் பப்-சப்பில் அனுப்புநர் யார், பெறுநர் யார்? என் கருவிக்குப் பெறுநர் புரோக்கர். புரோக்கர் அனுப்புநராக மாறி, எஸ்எம்எஸ் புரோகிராமுக்குக் கொடுப்பது தனிக் கதை, தனிப் பரிமாற்றம், அதற்குத் தனி க்யூஓஎஸ். நான் 2-இல் அனுப்பினாலும், சப்ஸ்கிரைப் செய்தவர் 0 போதும் என்று கேட்டிருந்தால் அவருக்கு 0-இல்தான் போகும். 'சரியாக ஒருமுறை' என்பது பாதி வழிக்குத்தான்.

பதிவுத் தபால் அனுப்பியவர்களுக்கு இது உடனே புரியும். கவுன்டரில் கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். நாலைந்து நாள் கழித்து, அந்த வீட்டில் யாரோ கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை திரும்பி வரும். இரண்டும் காகிதம்தான், ஆனால் நீதிமன்றத்தில் எதைக் காட்டுவோம் என்று யாரும் குழம்புவதில்லை. எம்க்யூடிடி தருவது கவுன்டர் ரசீது. மிக நேர்மையான, ஒருபோதும் இரட்டிப்பாகாத கவுன்டர் ரசீது. அதற்கு ஒப்புகை அட்டையின் பெயரை வைத்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். க்யூஓஎஸ் 1 பகுதியில் ஒரு ஓரக் குறிப்பு உண்டு: பெறுபவர், செய்தியை மேற்கொண்டு சேர்த்து முடிப்பதற்கு முன்பே ஒப்புகை அனுப்பலாம், ஒப்புகை கிடைத்ததும் செய்தியின் உடைமை பெறுபவருக்கு மாறிவிடுகிறது. உடைமை என்பது நல்ல சொல். ஆவணத்திலேயே உண்மையை நேராகச் சொல்லும் சொல் அதுதான். 'இனி இது என் பொறுப்பு' என்கிறார் புரோக்கர். அனுப்பியவர் தன் பிரதியை அழித்துவிடலாம். சரி, பொறுப்பேற்றவர் அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும்? அந்த டாபிக்குக்கு யாருமே சப்ஸ்கிரைப் செய்திருக்கவில்லை என்றால், எறிந்துவிடலாம். என் விஷயத்தில் நடந்தது அதுதான். எஸ்எம்எஸ் புரோகிராம் 'கிளீன் செஷன்' என்ற கொடியோடு இணைந்திருந்தது. அப்படி இணைந்தவர் போனதும் அவருடைய சப்ஸ்கிரிப்ஷனும் போய்விடும், அவருக்காக எதையும் சேர்த்து வைக்க மாட்டார்கள். புரோக்கர் விதியை மீறவே இல்லை.

அனுமதி விஷயம் இன்னும் வினோதம். ஒரு டாபிக்கில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லை என்று வைத்துக்கொள்வோம். 3.1.1-இல் அதை உங்களிடம் சொல்ல புரோக்கருக்கு வழியே கிடையாது. இணைப்பைத் துண்டிக்கலாம், இல்லாவிட்டால் வழக்கம்போல் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒப்புகை அனுப்பிவிட்டுச் செய்தியைக் கைவிடலாம். இரண்டில் ஒன்று என்று ஸ்பெக்கே விதிக்கிறது. ஒரு எழுத்து பிழைத்த டாபிக் பெயரைத் தேடி நான் இரண்டு நாள் அலைந்தது இதனால்தான்.

பொறுப்பேற்றவர் செய்தியை எங்கே வைக்கிறார் என்பதும் இருக்கிறது. மாஸ்கிட்டோ என்ற புரோக்கரைப் பலரும் பயன்படுத்துகிறோம், நானும்தான். அதில் டிஸ்க்கில் சேமிக்கும் வசதி நாம் சொல்லாதவரை அணைந்தே இருக்கும். போட்டுவிட்டாலும், நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதும் இடைவெளி, மாற்றாவிட்டால், 1,800 வினாடி. அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் கரன்ட் போனால், ஒப்புகை கொடுத்து வாங்கிய செய்திகள் போயே போச்சு. அனுப்பியவரிடமும் பிரதி இல்லை. இதை மாஸ்கிட்டோவின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், அந்த அமைப்புக்கான கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நாலு கட்டப் பரிமாற்றத்தைப் பார்த்து மயங்கியவன் கையேட்டின் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

மயங்கினேன் என்று சொன்னது கிண்டலுக்கு இல்லை. க்யூஓஎஸ் 2 உண்மையிலேயே அழகான ஒன்று, பலரும் அதைச் சரியாக விளக்குவதில்லை. 'இரண்டு முறை உறுதிப்படுத்துகிறார்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உண்மையில் அங்கே கேள்வி வேறு: பெறுபவர் எப்போது மறக்கலாம்?

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு அடையாள எண் உண்டு, 1 முதல் 65,535 வரை. எண் தீர்ந்தால் பழைய எண்ணையே மறுபடி பயன்படுத்த வேண்டும். இரட்டிப்பைத் தடுக்க, பெறுபவர் '217-ஐ ஏற்கெனவே வாங்கிவிட்டேன்' என்று நினைவில் வைக்கிறார். ஆனால் எப்போதும் வைத்திருந்தால், பிறகு புதிய செய்தி ஒன்று அதே 217-ஓடு வரும்போது அதையும் பழசு என்று தள்ளிவிடுவார். ஆகவே பெறுபவர் 'பப்ரெக்' அனுப்புகிறார்: வாங்கிவிட்டேன். அனுப்பியவர் செய்தியை அழித்துவிட்டு 'பப்ரெல்' அனுப்புகிறார்: இனி அந்தச் செய்தியை 217-இல் சத்தியமாக மறுபடி அனுப்ப மாட்டேன், நீங்கள் மறந்துவிடலாம். பெறுபவர் மறந்துவிட்டு 'பப்காம்ப்' அனுப்புகிறார்: மறந்துவிட்டேன், நீங்கள் 217-ஐ மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, நாலாவது கட்டங்கள் செய்தியைப் பற்றியவையே அல்ல, மறதியைப் பற்றியவை. இரண்டு பக்கமும் தங்கள் நினைவைப் பத்திரமாக வைத்திருக்கும்வரை, அந்த ஒரு இணைப்பில் செய்தி ஒருமுறைதான் கடக்கும். இதில் ஓட்டை இல்லை.

இங்கே யாராவது 'இரண்டு தளபதிகள்' புதிரை இழுப்பார்கள். தூதுவன் வழியில் பிடிபடலாம் என்றால் இரண்டு படைகளும் ஒரே நேரத்தில் தாக்குவதென்று உறுதியாக ஒப்புக்கொள்ள முடியாது, ஆகவே 'சரியாக ஒருமுறை' கணிதப்படி சாத்தியமில்லை என்று முடிப்பார்கள். 1975-இல் அக்கொயுன்லு, ஏகநாதம், ஹியூபர் மூவரும் எழுதிய கட்டுரையில் அவர்கள் தளபதிகளே அல்ல, ரவுடிக் கும்பல்கள். 1978-இல் ஜிம் கிரே எழுதியதில்தான் தளபதிகள் ஆனார்கள். அது கிடக்கட்டும். அந்தப் புதிர் சொல்வது, குறித்த நேரத்துக்குள் இருவரும் ஒருமித்து உறுதியாக இருக்க முடியாது என்பதை. க்யூஓஎஸ் 2 அப்படி எதையும் கேட்கவில்லை, இணைப்பு வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறது. அதனால் புதிரைக் காட்டி க்யூஓஎஸ் 2-ஐத் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. அது ஓர் இணைப்பில் சாத்தியம்தான். போதாது, அவ்வளவே.

ஏன் போதாது என்பதை எம்க்யூடிடி பிறப்பதற்குப் பதினைந்து வருடம் முன்பே எழுதிவிட்டார்கள். எம்ஐடியைச் சேர்ந்த சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1984-இல் வெளியிட்ட 'எண்ட்-டு-எண்ட்' கட்டுரை. நெட்வொர்க் படித்தவர்கள் எல்லோரும் பெயரைக் கேட்டிருப்பார்கள். அதில் விநியோக உத்தரவாதம் பற்றியே தனியாக ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆர்பாநெட்டில் ஒரு செய்தி இலக்குக் கணினியைச் சேர்ந்ததும் அனுப்பியவருக்கு ஆர்எஃப்என்எம் என்ற பாக்கெட் திரும்பி வரும். அதைப் பற்றி அவர்கள் சொல்வது: செய்தி அந்தக் கணினிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது பயன்பாட்டுக்கு அவ்வளவு முக்கியமில்லை, அங்கே அதன்படி காரியம் நடந்ததா என்பதுதான் தெரிய வேண்டும். பொறுப்பாளர் என்னிடம் கேட்டதும் அதேதான்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது ஒரு விபத்துக் கதை. எம்ஐடியில் பல உள்ளூர் நெட்வொர்க்குகளை கேட்வே கணினிகள் இணைத்திருந்தன. ஒவ்வொரு தாவலிலும் பாக்கெட்டைச் சரிபார்க்கும் செக்சம் இருந்தது. அதனால் வழியில் பிழை வராது என்று புரோகிராம் எழுதியவர்கள் நம்பினார்கள். ஒரு கேட்வேக்கு உள்ளே, ஒரு பஃபரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது, ஏறக்குறைய பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை பக்கத்துப் பக்கத்து பைட்டுகள் இடம் மாறிக்கொண்டிருந்தன. கம்பியில் எந்தப் பிழையும் இல்லை, பிழை கம்பிகளுக்கு நடுவில். ஒரு இயங்குதளத்தின் மூல நிரல்களே அந்த வழியாகப் போய்வந்து கெட்டுப்போயின. கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணால் ஒப்பிட்டுத் திருத்தினார்கள். ஒவ்வொரு தாவலும் சரி, மொத்தம் தப்பு. என் லாகில் இருந்த 'டெலிவர்டு' போலவே.

இப்போது அந்த பில்லிங் உதாரணம். அதே மையத்தில் பால் எடை போடும் இடத்திலிருந்தும் பதிவுகளை எம்க்யூடிடி வழியாக அனுப்பினோம்: உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு அளவு. பத்து நாளைக்கு ஒருமுறை இதை வைத்துத்தான் பணப் பட்டுவாடா. ஸ்பெக் சொன்ன அதே பில்லிங், அதனால் க்யூஓஎஸ் 2. முதல் பட்டுவாடாவிலேயே சிலருக்கு ஒரு வேளைப் பால் இரண்டு முறை ஏறியிருந்தது. எப்படி? திரை கொஞ்சம் உறைந்தால் எடை போடுகிறவர் 'சேமி' பொத்தானை இன்னொரு தடவை அழுத்துகிறார். எம்க்யூடிடிக்கு அவை இரண்டு வெவ்வேறு செய்திகள், இரண்டு அடையாள எண்கள். இரண்டையும் சரியாக ஒவ்வொருமுறை கொண்டுபோய்ச் சேர்த்தது, பாவம். 1984 கட்டுரையில் இதற்கும் இடம் இருக்கிறது: பதில் வராததால் குழம்பிய ஒருவர் மறுபடி லாகின் செய்தால் அந்த இரட்டிப்பு நெட்வொர்க்குக்குத் தெரியவே தெரியாது.

மறுமுனையிலும் அதே சிக்கல். செய்தியை வாங்கிய புரோகிராம் அதை டேட்டாபேஸில் எழுதுவதற்கு முன்பே ஒப்புகை அனுப்பிவிட்டால், நடுவில் அது விழுந்தால் பதிவு போச்சு. எழுதிவிட்டு ஒப்புகை அனுப்பலாம் என்றால், நடுவில் விழுந்தால் மறுபடி எழுதும். எந்த வரிசையில் செய்தாலும் ஒரு இடுக்கு இருக்கும். அந்த இடுக்கு எம்க்யூடிடியின் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

கடைசியில் நான் செய்தது மிகச் சாதாரணம். டேட்டாபேஸில் ஒரு தனித்த சாவி: உறுப்பினர் எண், தேதி, காலையா மாலையா, கேன் எண். அதே சாவியோடு இன்னொன்று வந்தால் ஏற்காதே. கேன் எண்ணை முதலில் விட்டுவிட்டேன்; பசும்பால் ஒரு கேன், எருமைப்பால் ஒரு கேன் கொண்டுவருகிற வீடுகளில் எருமைப்பால் காணாமல் போனது. அதற்கும் திட்டு வாங்கினேன். இப்போது க்யூஓஎஸ் 1 போதும். எத்தனை முறை வந்தாலும் ஒன்றுதான். அதாவது, ஸ்பெக் எந்த வேலைக்கு க்யூஓஎஸ் 2-ஐப் பரிந்துரைக்கிறதோ அந்த வேலையிலேயே அது தேவையில்லாமல் போனது. அமேசானின் ஐஓடி கோர், மைக்ரோசாஃப்டின் ஐஓடி ஹப் இரண்டுமே க்யூஓஎஸ் 2-ஐ ஆதரிப்பதில்லை. முன்பு அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

காஃப்காவும் 2017-இல், 0.11 பதிப்பில், 'சரியாக ஒருமுறை' என்றது. அனுப்புநருக்கு ஒரு எண், செய்திகளுக்கு வரிசை எண், மேலே டிரான்சாக்ஷன். காஃப்காவில் படித்து காஃப்காவிலேயே எழுதும்வரை அது நிற்கும். வெளியே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினீர்களானால் மறுபடி நாம் இருக்கும் இடத்துக்குத்தான் வருவீர்கள்.

5-ஆம் பதிப்பைப் பற்றி நல்லதாகவும் சொல்ல வேண்டும். அதில் ஒப்புகையோடு காரணக் குறியீடு வருகிறது. அனுமதி இல்லை என்றால் இல்லை என்று சொல்ல முடியும். 'பொருந்தும் சப்ஸ்கிரைபர் யாருமில்லை' என்றும் புரோக்கர் சொல்லலாம், கட்டாயமில்லை, சொல்லலாம். அன்று ராத்திரி அது இருந்திருந்தால் என் பால் தப்பியிருக்குமா என்று யோசித்தேன். தப்பியிருக்காது. எல்லா டாபிக்கையும் கேட்டு லாக் எழுதும் ஒரு புரோகிராம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. சப்ஸ்கிரைபர் இருக்கிறார் என்றுதான் புரோக்கர் சொல்லியிருக்கும். இன்னொரு புதிய வசதிதான் எனக்கு உண்மையில் உதவியது: செய்தியோடு 'பதிலை இந்த டாபிக்கில் போடு' என்றும், எந்தக் கேள்விக்கான பதில் என்று அடையாளம் காண ஒரு சின்னத் தரவும் அனுப்பலாம். ஒப்புகை அட்டையை உறையோடு சேர்த்து ஒட்டி அனுப்புவது மாதிரி.

அந்த அட்டையில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில்தான் அதிக நேரம் போனது. எஸ்எம்எஸ் புரோகிராமா? அது வாங்கினால் மட்டும் போதாது. எஸ்எம்எஸ் கேட்வேயா? 'ஏற்றுக்கொண்டேன்' என்று அது சொல்வதும் இன்னொரு கவுன்டர் ரசீதுதான். போனுக்குப் போய்ச் சேர்ந்ததாக அறிக்கை வந்தால்? போன் தலையணைக்கு அடியில் சைலன்ட்டில் இருக்கும். கடைசி முனை இரவுக் காவலர்தான். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் பதில் போகும். எச்சரிக்கை கிளம்பி மூன்று நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால், கருவி நெட்வொர்க்கை நம்பாமல் கூரையில் இருக்கும் சைரனைத் தானே போட்டுவிடும். எல்லாம் க்யூஓஎஸ் 1.

முதலில் அந்தப் பொத்தானை கேட்டுக்குப் பக்கத்தில், காவலர் அறைச் சுவரிலேயே வைத்தோம். இரண்டு வாரத்தில் அவர் படுத்த இடத்திலிருந்தே கையை நீட்டி அழுத்திவிட்டுத் தூங்கப் பழகிவிட்டார். இப்போது அது பல்க் கூலரின் வெப்பமானிக்குக் கீழே இருக்கிறது.